கல்லடி வாடகை வீடு: வைக்கிறதா, கடனை மாத்துறதா, விக்கிறதா?

பாடும்மீன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்க.

கல்லடியில், வாவிப் பக்கமாக, 15 பேர்ச் காணியில் எனக்கு ஒரு வீடு இருக்கு. 2008இல் கல்யாணத்துக்கு அம்மா எழுதித் தந்தது. நாங்க இருக்கிறது கல்முனையில், மாதம் 22,000 வாடகைக்கு. அவருக்கும் எனக்கும் வேலை இங்க, மகளுக்குப் பள்ளிக்கூடமும் இங்க. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுப்போட்டு வாடகை வீட்டில் இருக்கிறவள் என்று தங்கச்சி பகிடி பண்ணுவாள்.

2021 சித்திரையில் வங்கியில் 50 இலட்சம் எடுத்து, கையில் இருந்த 12ஐயும் போட்டு மேல்மாடி கட்டினோம். 15 வருடக் கடன். வட்டி 'ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் கூட்டல் 3' என்று கடிதத்தில் இருந்தது. அப்ப ரெண்டும் சேர்ந்து 9ஐ ஒட்டி, மாதம் 51,000. அந்த நாலைஞ்சு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வங்கிகள் தங்கட முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற கடன்களின் சராசரி வட்டிதான் அது. 2022 கடைசியில் அது மட்டும் 27ஐத் தாண்டிச்சு. எங்களுக்கு 30. வட்டி மட்டும் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல. தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போச்சு.

2023 ஆவணியில் மனேஜர் கூப்பிட்டு, "டீச்சர், 5 வருடத்துக்கு 18இல் நிலையாக்கித் தாறன்" என்றார். 30இல் வெந்தவளுக்கு 18 என்றால் பச்சைத்தண்ணி மாதிரி. கையெழுத்து வைத்துவிட்டேன். 47 இலட்சத்தை 13 வருடத்துக்கு வகுத்து, மாதம் 78,161. அதற்குப் பிறகு ஊரெல்லாம் வட்டி இறங்குது, நான் மட்டும் 18இல் நிற்கிறேன். இன்றைக்கு மிச்சம் 44.47 இலட்சம்.

கீழ்வீட்டில் ஒரு வங்கி உத்தியோகத்தர் குடும்பம், 32,000. மேல்மாடி 25,000க்குப் போனது, இப்ப 7 மாதமாகப் பூட்டு. ஆக, மாதாமாதம் 46,000 சம்பளத்தில் இருந்து போகுது.

சுவிஸில் இருக்கிற ஒருவர் தரகர் மூலமாக 175 இலட்சத்துக்குக் கேட்கிறார். தைப்பொங்கலுக்கு முன் பதில் வேணுமாம். என் கணவர் 'விற்போம்' என்கிறார். எனக்குத் தூக்கம் வருகுதில்லை.

கணக்குப்பிள்ளை

டீச்சர், கணக்கைப் போட்டுவிட்டு அழலாம். 175இல் கடன் 44.5. முன்கூட்டி அடைக்கிறதுக்கு 3 வீதம் கேட்பார்கள், 1.3. தரகருக்கு 2 வீதம், 3.5. கையில் 125.7. நிலையான வைப்பில் 8 வீதம் வைத்தாலும் வருடம் 10 இலட்சம். அதில் 10 வீதம் வரியாகப் பிடித்தாலும் மாதம் 75,000 சுளையாக வரும்.

இப்ப மாதம் 46,000 போகுது. விற்றால் 75,000 வருகுது. வித்தியாசம் 1,21,000. இதற்குப் பிறகும் என்ன யோசனை?

சூரிச் மட்டுநகரான்

தம்பி, வீட்டைக் கோழி மாதிரி கிலோக் கணக்கில் பார்க்கிறீர். மட்டக்களப்பில் வீடு என்றால் பொம்பளைப்பிள்ளைக்கு. அம்மாவிடம் இருந்து மகளுக்கு, மகளிடம் இருந்து பேத்திக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார், அவ்வளவுதான். டீச்சருக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதைக் கணக்கில் எங்க போட்டீர்?

கணக்குப்பிள்ளை

அண்ணே, அந்த மகளுக்கு 120 இலட்சமாகக் கொடுத்தால் வேண்டாம் என்பாளா? சூரிச்சில் இருந்துகொண்டு கல்லடி மண்ணை வாங்குகிறதும் நீங்கதான், விற்காதே என்கிறதும் நீங்கதான்.

மட்டுறுத்துநர்

இருவரும் டீச்சரின் கேள்விக்குள் நிற்கவும்.

பழைய நொத்தாரிசு

மகள், கணக்குப்பிள்ளை ஒரு வரியை விட்டுவிட்டார். நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை. ஆகவே விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. 2025 ஏப்ரல் 1இல் இருந்து தனியாட்களுக்கு அது 15 வீதம், முன்பு 10 ஆக இருந்தது. 2008இல் வந்த ஆதனம் என்றாலும், 2017 செப்டெம்பர் 30இல் அது என்ன விலை பெறும் என்பதுதான் அடிக்கணக்கு. மதிப்பீட்டாளர் அதை 80 என்று எழுதினால், மேல்மாடிக்குப் போட்ட 62ஐக் கூட்டி 142. ஆதாயம் 33, வரி 4.95 இலட்சம். கட்டின பில்லுகள் இருந்தால்தான் அந்த 62ஐக் காட்டலாம். சீமெந்துக் கடைத் துண்டுகளை வைத்திருக்கிறீர்களா?

அடுத்தது, அதைவிட முக்கியமானது. சீதன உறுதிகளை நான் நூற்றுக்கணக்கில் எழுதியவன். அநேகமாகத் தாய் தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டுதான் எழுதுவார். உங்கள் உறுதியில் அந்த வரி இருக்கா பாருங்கள். இருந்தால், அம்மா கையெழுத்து இல்லாமல் முழு உரித்தோடு விற்கவும் ஏலாது, வேறு வங்கிக்கு ஈடு மாற்றவும் ஏலாது.

பாடும்மீன்

ஐயா, உறுதியை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். இருக்கு. "நன்கொடையாளி தன் சீவியகாலம் வரை அனுபவிக்கும் உரித்தை ஒதுக்கி" என்று. 2021இல் அம்மாவையும் வங்கிக்குக் கூட்டிப்போனது இப்ப ஞாபகம் வருது. அப்ப அது ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கதையில் நான் கேட்காத விசயங்கள் கூடிக்கொண்டே போகுது.

பில்லுகள் ஒரு பால்மா டின்னுக்குள் கிடக்கு. பாதி மை அழிஞ்சுபோச்சு.

கணக்குப்பிள்ளை

வரியை விட்டது என் பிழைதான். 4.95ஐயும் கழித்தால் மாதம் 72,000 வரும். என் கட்சி மாறவில்லை.

வங்கிக்குள் இருந்தவன்

அக்கா, நான் 11 வருடம் கடன் பிரிவில் இருந்தவன். நீங்க கேட்ட மூன்றில் நடுவில் இருக்கிறதை யாரும் தொடவில்லை.

இன்றைய தவணை 78,161இல் 66,700 வட்டி. முதலில் கழிகிறது 11,500 கூட இல்லை. இதே 44.47ஐ, மிச்சம் இருக்கிற 129 மாதத்துக்கே, 12 வீதத்தில் போட்டால் தவணை 61,515. மாதம் 16,600 மிச்சம். மாற்றுகிற செலவு, அதாவது முன்னடைப்புக் கட்டணம், மதிப்பீடு, பழைய ஈட்டை நீக்கிப் புதிய ஈடு எழுதுகிறது எல்லாம் சேர்த்து 2.4 இலட்சம் என்று வையுங்க. 15 மாதத்தில் அது திரும்பிவரும். நிலையான வட்டி 2028 ஆவணி வரைக்கும். அதற்கு இன்னும் 32, 33 மாதம் இருக்கு. ஆகவே மாற்றுகிறதுக்கு நியாயம் இருக்கு.

ஒரு பொறி சொல்கிறேன். போனவுடன் "டீச்சர், புதுசாக 15 வருடத்துக்குப் போடுவோம், தவணை 53,000தான்" என்பார்கள். கேட்க இனிக்கும். 129 மாதத்தில் முடித்தால் மொத்தம் கட்டுகிறது 79 இலட்சம். 15 வருடமாக நீட்டினால் 96. எட்டாயிரம் குறைகிறது என்று 17 இலட்சத்தைக் கொடுக்க வேணாம்.

வங்கி கேட்கிற சாமான்களை இப்பவே சேர்த்து வையுங்க: உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, சோலைவரி கட்டின துண்டு, மாநகரசபையின் வீதி எல்லைச் சான்றிதழ், கட்டட அனுமதி, மேல்மாடிக்கு இணக்கச் சான்றிதழ், அதாவது அனுமதித்தபடிதான் கட்டியிருக்கு என்கிற கடிதம். கடைசியில் சொன்னதை அநேகம் பேர் எடுக்கிறதே இல்லை. அது இல்லாமல் புது வங்கி உள்ளே விடாது.

அதற்கு முன் ஒரு வேலை. இன்னொரு வங்கியில் சலுகைக் கடிதம் ஒன்று எடுத்து, அதைக் கொண்டுபோய் உங்கட வங்கி மேசையில் வையுங்க. வாய் திறக்கத் தேவையில்லை.

மேசன் மகன்

டீச்சர் கோவிக்கப்படாது. மேல்மாடி 7 மாதம் பூட்டு என்றீங்க. ஏன் என்று சொல்லவில்லையே? கல்லடியில் 25,000க்கு மேல்வீடு கிடைக்காதா என்று அலைகிற ஆக்கள் இருக்காங்க. ஆஸ்பத்திரி ஆக்கள், விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகப் பிள்ளைகள், வங்கிக்காரர். காலியாகக் கிடக்கிற வீட்டுக்குக் காரணம் இல்லாமல் இருக்காது.

பாடும்மீன்

காரணம் ரெண்டு தம்பி. ஒன்று படி. காசு மிச்சம் பிடிக்க, மேலே போகிற படியைக் கீழ்வீட்டின் குசினிப் பக்கம் வைத்தோம். மேலே போகிறவர் கீழ்வீட்டுப் படுக்கையறை யன்னலைக் கடந்துதான் ஏறணும். அந்த யன்னல் எந்த நாளும் சாத்தித்தான் கிடக்குது.

ரெண்டாவது, பல்கனியின் அடிப்பக்கம் பொரியுது. போன கிழமை போனபோது ஐந்து ரூபாய்க் குத்தியால் சுரண்டிப் பார்த்தேன். பூச்சு தட்டையாகக் கழன்று கையில் வந்தது. உள்ளே கம்பி சிவந்து, இலை இலையாக உரிஞ்சு நிற்குது. கடைசியாக இருந்த குடும்பம் அதற்குக் கீழே பிள்ளையை விளையாட விடப் பயந்துதான் போனார்கள்.

மேசன் மகன்

நினைத்தேன். உப்புக் காற்று. கம்பிக்கு மேலே கொங்கிறீட் கனம் குறைவாக விட்டிருப்பார்கள். மழைத்தண்ணியோட உப்பும் இறங்கிக் கம்பியைப் பிடிக்கும். கறல் பிடிச்ச இரும்பு பருமன் கூடி ஊதும், ஊதினால் கொங்கிறீட்டைத் தள்ளி வெடிப்பிக்கும். வெடிப்பு வந்தால் இன்னும் தண்ணி, இன்னும் கறல். அது நிற்காது, ஒவ்வொரு மாரிக்கும் ஒரு முழம் கூடும்.

மேலால வெள்ளைச் சீமெந்து பூசி மறைக்கிற மேசனை வாசலிலேயே அனுப்பிவிடுங்க. கழன்றதை எல்லாம் கம்பிக்குப் பின்பக்கம் தெரியுமட்டும் கொத்தி எடுக்கணும். கம்பியைக் கம்பித்தூரிகையால் வெள்ளையாகத் தேய்க்கணும், கறல் தடுப்புப் பூச்சு அடிக்கணும். பிறகு கனமாகப் புதுப் பூச்சு. பல்கனித் தளத்தில் தண்ணி தேங்காமல் சரிவும், விளிம்பில் தண்ணி சொட்டிப்போக ஒரு காடியும். கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் கை வைக்க வேணாம்.

இன்னொன்று. சுவிஸ்காரருக்குப் பதிலாக வீட்டைப் பார்க்க வருகிறவர் பல்கனிக்குக் கீழே நிமிர்ந்து பார்த்தால், 175 அன்றைக்கே 160 ஆகிவிடும்.

அறுகம்குடா அலை

ஏன் நீண்டகால வாடகை? வெளிநாட்டுக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுங்க. கல்லடிக் கடற்கரை, வாவி, பாலம் எல்லாம் கிட்ட. பொத்துவிலில் என்ட மாமா நாலு அறை போட்டு நல்லாச் செய்கிறார்.

ஆரையம்பதி ராசாத்தி

தம்பி, உங்கட மாமா அவடத்திலேயே இருந்து செய்கிறார். டீச்சர் 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறா. விருந்தாளி இரவு பத்து மணிக்குத் தண்ணி வருகுதில்லை என்றால் கல்முனையில் இருந்து வாளி தூக்கிக்கொண்டு வரவா?

அறுகம்குடா அலை

சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் மாமாவும் நல்லாச் செய்கிறது வைகாசியில் இருந்து ஐப்பசி வரைக்கும்தான். 2019 ஈஸ்டர், 2020 கொரோனா, 2022 பெற்றோல் வரிசை, எல்லாத்திலும் அடி. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்ட அன்று பின்னேரமே பைகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். வங்கித் தவணை இருக்கிற வீட்டுக்கு இது ஏற்ற தொழில் இல்லை.

ஆரையம்பதி ராசாத்தி

டீச்சர், நான் ரெண்டு வீடு வாடகைக்கு விட்டு, ரெண்டு பொம்பளைப்பிள்ளைகளைக் கரைசேர்த்தவள். கணக்கு எனக்குப் பெரிசாத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்க ஏன் உங்கட மேல்வீட்டுக்கே போகக்கூடாது?

கல்முனையில் 22,000 கொடுக்கிறீங்க. மேல்வீடு 25,000க்குப் போகாமல் கிடக்கு. நீங்களே போனால் அந்த 22,000 அப்படியே மிச்சம். வீடு தேடி வருகிறவன் குறை சொல்கிற படி, சொந்தக்காரி ஏறி இறங்கினால் படிதான். மேசனையும் பக்கத்தில் நின்று வேலை வாங்கலாம்.

பாடும்மீன்

அக்கா, இதை வாசித்துவிட்டு அவரிடம் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இவ்வளவு நாளும் அந்த வீட்டை 'வாடகை' என்றே கதைத்துப் பழகிப்போச்சு.

எங்களுக்கு ஒரு பழைய கதையும் இருக்கு. 2004 சுனாமியில் கல்லடியில் இருக்கிற திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரமே சாய்ந்தது, எங்கட முற்றம் வரைக்கும்தான் தண்ணி வந்தது. அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் கீழ்வீட்டை எடுத்தது. வருட வாடகை முழுக்க முன்கூட்டியே, வாசலில் வெள்ளை வாகனம், ஜெனறேற்றர். அந்தக் காசில்தான் என் கல்யாணம் நடந்தது. வீட்டை விட்டால் அப்படிக் காசு கொட்டும் என்று மனதில் பதிந்துபோச்சு. நிறுவனக்காரர் எல்லாம் போய் எத்தனை வருடம்! 2021இல் மேல்மாடி கட்டும்போதும் நான் அந்த வெள்ளை வாகனத்தைத்தான் நினைத்தேன் என்று இப்ப விளங்குது.

சிக்கல் என்ன என்றால், மகளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. அதுவரை பள்ளிக்கூடம் மாற்ற ஏலாது.

பழைய நொத்தாரிசு

அப்படியானால் ஒரு வருடத்தில் போகலாம் என்றுதானே அர்த்தம். ராசாத்தி சொன்னதில் ஒரு வரி விசயமும் இருக்கிறது, அவருக்கே தெரியாமல். விற்கிறதுக்கு முந்திய மூன்று வருடமும் உங்கள் பெயரில் இருந்து, அதில் இரண்டு வருடமாவது அதையே உங்கள் பிரதான வதிவிடமாகக் கொண்டு வாழ்ந்திருந்தால், மூலதன ஆதாய வரி இல்லை. ஆகவே இப்ப விற்றால் 4.95 இலட்சம், குடியிருந்துவிட்டு விற்றால் ஒன்றும் இல்லை. கீழ்த்தளம் வாடகைக்குப் போகிறபடியால், அந்தப் பங்குக்கு எப்படி என்று விற்கும்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டுக்காரருக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்கா? வாய்ப்பேச்சு என்றால் நாளைக்கு எழும்பச் சொல்லும்போது வழக்குக்கு அலைய வேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்த காலம் முடிந்த வீட்டை விரைவாக மீட்க ஒரு வழி தந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதியதாக இருக்க வேண்டும். கடதாசித் துண்டு போதாது.

கணக்குப்பிள்ளை

நான் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். 72,000 இன்னும் மேசையில்தான் இருக்கு.

வங்கிக்குள் இருந்தவன்

அண்ணே, 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் பணவீக்கம் 69.8. அந்த வருடம் நிலையான வைப்பில் 120 இலட்சம் வைத்திருந்தவன் என்ன ஆனான் என்று யோசியுங்க. பெயர்தான் நிலையான வைப்பு.

கணக்குப்பிள்ளை

அதே வருடம் 30 வீதத்தில் கடன் வைத்திருந்தவள் என்ன ஆனாள் என்று இந்த இழையின் முதல் பதிவில் இருக்கு. ரெண்டு பக்கமும் பாருங்க.

பாடும்மீன்

இதுதான் நியாயமான பதில். எனக்குக் கடன்தான் பயம், வீடு இல்லை.

சூரிச் மட்டுநகரான்

டீச்சர், அந்த 175 கேட்டவர் நான் இல்லை. இங்க ரெண்டு பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார்கள்.

பாடும்மீன்

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பரீட்சைத் தாள் திருத்தம்.

வேறொரு வங்கியில் 12இல் கடிதம் எடுத்தேன். அதைக் கொண்டுபோய் எங்கட வங்கியில் வைத்தேன். தம்பி சொன்னபடி வாய் திறக்கவில்லை. மனேஜர் புது ஆள். கடிதத்தை ரெண்டு தரம் வாசித்தார், உள்ளே போனார், தேத்தண்ணி வந்தது. ஒரு கிழமையில் 12.5க்கு இறக்கித் தந்தார்கள், மாற்றுக் கட்டணம் 1 வீதம். ஈட்டுப் பத்திரம் மாற்றத் தேவையில்லை. 129 மாதத்தையே வைத்துக்கொண்டோம், தவணை 62,830. அரை வீதம் கூட என்றாலும், அலைச்சலும் நொத்தாரிசுச் செலவும் இல்லை. இணக்கச் சான்றிதழ் எங்களிடம் இல்லை என்பதும் ஒரு காரணம். அதற்கு இப்ப மாநகரசபையில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இந்த முறை 'மிதக்கும் வட்டியா, நிலையா, எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் மாறும், உச்சவரம்பு இருக்கா' என்று நாலு கேள்வி கேட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். மூன்று வருடத்துக்கு நிலை, பிறகு மிதக்கும்.

பல்கனி வேலை நடக்குது. மேசன் முதல் நாளே கொத்தத் தொடங்கினார். கீழே விழுந்த சல்லி ரெண்டு தள்ளுவண்டி. பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன், நாலு கம்பி மட்டும் புதுசு. மொத்தம் 1.9 இலட்சம். படியை முன்பக்கம் திருப்ப இன்னும் ஏழு வேணும் என்றார்கள், அது இப்ப இல்லை. பதிலாக அந்த யன்னலை மூடிக் கட்டி, கிழக்குச் சுவரில் புது யன்னல் திறக்கிறோம். கீழ்வீட்டு அக்கா 35,000 தர ஒத்துக்கொண்டா. ஒப்பந்தம் நொத்தாரிசு ஐயா சொன்னபடி.

மேல்வீட்டை நிறுவகப் பிள்ளைகள் ஐந்து பேர் தை மாதத்தில் இருந்து எடுக்கிறார்கள், ஆளுக்கு 5,500. ஒரு வருடம் மட்டும் என்று எழுதியிருக்கு. பிறகு நாங்க. தவணையும் வாடகையும் ஏறக்குறைய சரிக்குச் சரி வரும்.

கணக்குப்பிள்ளை

62,830இல் இருந்து 62,500. மாதம் 330 நட்டம். பராமரிப்பு வேற. பரவாயில்லை டீச்சர், தேத்தண்ணிக் காசுக்குள்.

ஆரையம்பதி ராசாத்தி

ஐந்து பிள்ளைகள் என்றால் தண்ணித் தாங்கி பெரிசாப் போடுங்க. காலையில் சண்டை வரும்.

பழைய நொத்தாரிசு

அம்மாவிடம் கேட்டீர்களா? சீவிய உரித்து விசயம்.

பாடும்மீன்

கேட்டேன் ஐயா. விற்கிறதா இருந்தால் அவ கையெழுத்து வேணும் என்று சொன்னேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா, நிமிரவும் இல்லை. "அதை அப்ப எழுதுவிச்சதே இதுக்குத்தான் மகள்" என்றா.